சுருதிக்கு ஒரு குழல், ஆயுளுக்கு ஒரு குழல்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளையைத் தாண்டி ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் நாலந்தா வருகிறது. இலங்கையின் நடுப்புள்ளி இங்கேதான் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லால் ஆன கெடிகேயைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்ததாகக் கருதப்படும், பல்லவச் சாயல் கொண்ட சிறு கோயில் அது. பொவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்கிவிடாமல் இருக்க, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள்.

அதே வீதியில் இரண்டு விதப் புல்லாங்குழல்கள் பயணம் செய்கின்றன. ஒன்று, தம்புள்ளை, சிகிரியாப் பக்கத்துக் கடைகளில் முகமூடிகளுக்கும் மரயானைகளுக்கும் நடுவே தொங்கும் வர்ணம் பூசிய மூங்கில். மற்றது, கர்நாடக சங்கீதம் பயிலும் பிள்ளையின் துணிப்பைக்குள் இருப்பது. சென்னையில் வாங்கி, பலாலி வழியாகவோ கட்டுநாயக்க வழியாகவோ யாருடைய பெட்டியிலாவது வந்து சேர்ந்தது. இரண்டும் மூங்கில்தான். இரண்டும் கையால் துளையிட்டவைதான். விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு தள்ளி நிற்கிறது. ஒரு ஒற்றுமை உண்டு: செய்தவர் யார் என்பது இரண்டிலும் பெரும்பாலும் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒரு குழல் உலகம் அயர்லாந்தில் இருக்கிறது. அங்கே கருமரத்தில் கடைந்த ஒரு குழல் கைமாறும்போது முதல் கேள்வியே “யார் செய்தது?” என்பதுதான். நல்ல பெயருள்ள கைவினைஞரிடம் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் அதே கைவினைஞரின் பழைய குழலுக்குப் புதிதைவிடக் கூடுதல் விலை கொடுப்பதும் உண்டு. சாவி இல்லாத எளிய குழலுக்கே பல நூறு யூரோ. ஆறு, எட்டு வெள்ளிச் சாவிகள் பூட்டியதென்றால் பல ஆயிரம். நம் புல்லாங்குழலுக்கு ஏன் அப்படி ஒரு பெயரும் மறுவிலையும் வாய்க்கவில்லை? மூங்கில் மலிவு, மரம் விலையுயர்வு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்கூட இல்லை.

அயர்லாந்துக் குழலின் பிறப்பிடம் அயர்லாந்து அல்ல என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் பட்டறைகளில் மேற்கத்திய செவ்விசைக்காகச் செய்த மரக்குழல்தான் அது. தலைப்பக்கம் அகன்று அடிநோக்கிக் குறுகும் துளை, ஆறு விரல் துளைகள், தேவைக்குச் சில சாவிகள். சார்ல்ஸ் நிக்கல்சன் என்ற வித்தகர் பெரிய துளைகளோடு ஊதிப் பெருநாதம் எழுப்பிக் காட்ட, ரூடால் அண்ட் ரோஸ் போன்ற பட்டறைகள் அந்தப் பாணியைப் பரப்பின. ஜெர்மனியின் தியோபால்ட் போம் 1832இல் வளையச் சாவிகளையும், 1847இல் உருளைத் துளையோடு கூடிய முற்றிலும் புதிய குழலையும் கொண்டுவந்தார். இசைக்குழுக் கலைஞர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாற, பழைய மரக்குழல்கள் மலிந்தன. கைவிடப்பட்டவற்றை அயர்லாந்தின் கிராமத்து இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய நடன மெட்டுகளுக்கு அந்தக் கரகரத்த, அடித்தொண்டை நாதம் பொருந்திப்போனது. ஒரு நாட்டு மேட்டுக்குடி கழித்ததை இன்னொரு நாட்டு உழவர் தம் அடையாளமாக்கிக்கொண்ட கதை அது. ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்து நம் பஜனை மடங்களில் நிலைத்ததை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

1970களில் அயர்லாந்தின் பாரம்பரிய இசை புதிய வேகம் பெற்றது. சீஃப்டன்ஸ், பாத்தி பேண்ட் குழுக்களில் வாசித்த மாட் மலாய் போன்றவர்கள் குழலை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய லண்டன் குழல்கள் எல்லோருக்கும் போதவில்லை. அப்போதுதான் புதிய கைவினைஞர் கூட்டம் ஒன்று எழுந்தது: அயர்லாந்தின் கோர்க்கில் ஹாமி ஹாமில்டன், இங்கிலாந்தில் கிறிஸ் வில்க்ஸ், அமெரிக்காவில் பாட்ரிக் ஓல்வெல், அவுஸ்திரேலியாவில் டெரி மக்கீ. இவர்கள் பழைய குழல்களின் உள்துளையை அங்குல அங்குலமாக அளந்து, கடைசல் பட்டறையில் மறுபடி உருவாக்கினார்கள். மரம் பெரும்பாலும் தன்சானியா, மொசாம்பிக் காடுகளின் ஆபிரிக்கக் கருமரம்.

இந்தச் சந்தை இயங்கும் விதத்தில் கவனிக்கத் தக்கது முத்திரை. ரூடால் அண்ட் ரோஸ் குழல்களில் பட்டறையின் பெயரோடு முகவரியும் தொடர் எண்ணும் உண்டு. பட்டறை இடம் மாறிய ஆண்டுகளை வைத்தே ஒரு குழலின் வயதைக் கணித்துவிடலாம். பழைய குழல்களின் தலைப்பகுதி பெரும்பாலும் வெடித்திருக்கும். உள்ளே பித்தளைக் குழாய் பொருத்தியிருப்பதால் காலப்போக்கில் சுருங்கும் மரத்துக்கு வேறு வழியில்லை. ஆனாலும் வெடிப்பைச் சீராக அடைத்துவிட்டால் வாங்க ஆள் இருக்கிறது. வெடித்த மூங்கில் குழலை நம்மிடையே யாராவது விலைகொடுத்து வாங்குவார்களா?

வேறுபாட்டின் வேர் சுருதியில் இருக்கிறது. அயர்லாந்தின் நடன மெட்டுகளில் மிகப் பெரும்பகுதி நம் கணக்கில் 2 கட்டை, 5 கட்டை எனக் கொள்ளத்தக்க இரண்டே சுருதிகளில் அமைந்தவை. 2 கட்டையில் செய்த ஒரே குழலில், ஒரு விரல் மாற்றத்தோடு, இரண்டையும் ஊதிவிடலாம். மற்ற வாத்தியங்களோடு மயிரிழை வித்தியாசம் இருந்தால் தலைப்பகுதியைச் சற்று இழுத்தோ உள்ளே தள்ளியோ சரிக்கட்டலாம். எனவே ஒரு கலைஞருக்கு ஒரு நல்ல குழல் போதும், ஆயுள் முழுக்க. ஒன்றே போதும் என்னும்போது அந்த ஒன்றில் பணத்தைக் கொட்ட மனம் வரும். பணம் கொட்டிய பொருளுக்குப் பெயர் தேவைப்படும், மறுவிலை தேவைப்படும், பழுதுபார்ப்பவர் தேவைப்படுவார்.

நம் நிலை வேறு. பாடகர் 1 கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். பாடகி 5, ஐந்தரைக் கட்டையில் பாடுவார். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாசிக்கப் போகும் குழல்காரர் பாடுகிறவரின் சுருதிக்கு இணங்கித்தான் ஆகவேண்டும். தலைப்பகுதியை இழுக்க முடியாத ஒற்றை மூங்கிலில் சுருதி மாறினால் குழலே மாறவேண்டும். ஆகவே ஒரு கச்சேரிக் குழல்காரரின் பையில் பத்துப் பன்னிரண்டு குழல்கள் கிடக்கும். பன்னிரண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் பல ஆயிரம் ரூபா விலையும் இருந்தால் யார் வாங்க முடியும்? நம் குழல் மலிவாக இருப்பது மூங்கிலின் குணத்தால் மட்டுமல்ல, அது மலிவாக இருந்தே தீரவேண்டிய இசைமுறையாலும்தான்.

இந்த வாதத்துக்குச் சான்று தேட வெகுதூரம் போகவேண்டாம். நாகஸ்வரத்தைப் பார்த்தால் போதும். கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த, பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம்தான் அவர்களுக்கு உகந்தது. டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய நீண்ட பாரி நாகஸ்வரம் பழைய திமிரி வகையை ஓரங்கட்டிவிட்டது. சுருதி இறங்கி ஏறத்தாழ 2, இரண்டரைக் கட்டையில் நிலைத்தது. நாகஸ்வரம் எவர் குரலுக்கும் இணங்க வேண்டியதில்லை. தவில் அதன் பின்னே வரும். ஒரு கலைஞருக்கு ஒரு நாகஸ்வரம், ஏறினால் இரண்டு. விளைவு? ஆசாரியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. அதே காவிரிக் கரையில், அதே இசையை வாசிக்கும் புல்லாங்குழலைச் செய்தவர் பெயரைச் சொல்லச் சொன்னால், ரசிகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழிப்பார்கள்.

இத்தனைக்கும் குழல் செய்வதைப் பற்றி நம்மைப்போல விரிவாக எழுதிவைத்தவர்கள் குறைவு. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்களைச் சொல்லி, மூங்கிலை முதலிலும் வெண்கலத்தை நடுவிலும் மற்றவற்றைக் கடைசியிலும் வைக்கிறார். ஆனால் தம் காலத்தில் மரக்குழலே, அதிலும் கருங்காலியே, பெருவழக்கு என்றும் குறிக்கிறார். இளமையும் முதுமையும் இல்லாத மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, திருகலோ பிளவோ வராததைக் கண்டு ஓராண்டு கழித்தே குழல் செய்ய வேண்டும் என்கிறார். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று கணக்கும் தருகிறார். இடப்பக்கத்தை அடைக்க வெண்கலத்தில் அணைசு. இன்று மரத்தை ஆண்டுக்கணக்கில் உலரவைத்துக் கடையும் அயர்லாந்தின் கோர்க், கிளேர் பட்டறைக்காரர்கள் இதைப் படித்தால் தங்கள் ஆள் என்றே நினைப்பார்கள். நாமோ அந்தக் கருங்காலிக் குழலைக் கைவிட்டு, உரையாசிரியர் உத்தமம் என்ற மூங்கிலுக்கே திரும்பிவிட்டோம். நாலந்தாவைச் சூழ்ந்த உலர்காடுகளில் கருங்காலி இயற்கையாக வளரும் மரம்தான். ஆனால் அதை வெட்டச் சட்டம் இலகுவில் விடாது.

சட்டம் என்றதும் அயர்லாந்துக்காரர்களின் தலைவலியும் நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரி 2 முதல் கருமரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. கடல் கடந்து குழல் விற்றவர்கள் ஒவ்வொரு பொதிக்கும் அனுமதிச்சீட்டு தேட வேண்டியதாயிற்று. உலகெங்குமுள்ள இசைக்கலைஞர்கள் முறையிட்ட பின், 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. தந்த வளையம் பதித்த பழைய குழல்களின் பாடு இன்னும் திண்டாட்டம்தான். நாட்டுக்கு நாடு தந்தச் சட்டம் வேறு. மூங்கிலுக்கு இந்த வில்லங்கம் எதுவுமில்லை.

மூங்கிலுக்கு வேறு வில்லங்கம் உண்டு. எல்லா மூங்கிலும் குழலாகாது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டிருக்க வேண்டும், உட்புறம் வட்டமாக இருக்க வேண்டும், சுவர் மெலிந்தும் போகக்கூடாது தடித்தும் போகக்கூடாது. பேராதனைத் தோட்டத்தில் வானளாவ நிற்கும் பர்மா மூங்கில் தண்ணீர்க் குடத்துக்குப் போதும், குழலுக்கு ஆகாது. சிங்களத்தில் ‘பட்ட’ எனப்படும், இலங்கைக்கே உரிய மெல்லிய ஈரவலய மூங்கில் கூடை முடையவும் சிறு ஊதுகுழல்களுக்கும் உதவும். நீண்ட குழலுக்கு அதன் பருமன் போதாது. இந்தியாவில் பெரும் குழல் ஊரான உத்தரப் பிரதேசத்துப் பிலிபித்தே தன் மூங்கிலை அசாமிலிருந்துதான் தருவிக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு உற்பத்திப் பொருள் என்று மாநில அரசு திட்டம் கொண்டுவந்தபோது பிலிபித்துக்குக் கிடைத்தது புல்லாங்குழல். அங்கிருந்து திருவிழாக் கடைகளுக்குப் போகும் குழல்களும் உண்டு, கச்சேரிக் குழல்களும் உண்டு. எது எது என்று பிரிப்பது ஊதிப் பார்ப்பவர் காதுதான்.

மாத்தளை மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் குழல் வேறு. சிங்கள மொழிமூல இசைக்கல்வி வட இந்திய மரபைத் தழுவியது. இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிக்க 1952இல் லக்னோவிலிருந்து இசையறிஞர் ரத்தஞ்சங்கரை அழைத்த காலத்திலிருந்து அந்தப் பிடிப்பு இறுகியது. ஆகவே சிங்கள மாணவர் கையில் ஆறு துளை பான்சுரி. பன்னாலால் கோஷ் நீட்டிப் பெரிதாக்கிய வடிவம். தமிழ் மாணவர் கையில் எட்டு விரல் துளைகளும் தடித்த சுவரும் கொண்ட கர்நாடகக் குழல். பெற்றோருக்கு இரண்டும் புல்லாங்குழல். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிவந்து, வகுப்பில் ஆசிரியை தலையிலடித்துக்கொள்ளும்போதுதான் விஷயம் தெரியும். விரல் வைக்கும் முறையே வேறு. ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறும்.

கர்நாடகக் குழலின் வடிவமும் ஒரே நாளில் வந்ததல்ல. கும்பகோணத்துச் சரப சாஸ்திரி (1872–1904) குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக்கினார்; அவர் சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அதை ஊரூராகக் கொண்டுபோனார். திருவிடைமருதூரில் பிறந்த மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) தடித்த சுவர் மூங்கிலுக்கு மாறி, விரல் பிடிப்பையும் உதட்டு வைப்பையும் மாற்றி, வாய்ப்பாட்டின் குழைவைக் குழலுக்குள் கொண்டுவந்தார். அவர் சீடர் என். ரமணி நீண்ட குழலைக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். சஷாங்க் ஒரே கச்சேரியில் பல நீளக் குழல்களை மாற்றி மாற்றி வாசிக்கிறார். ஒவ்வொரு மாற்றமும் வாசிப்பவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, துளையிட்டவர் பெயரில் அல்ல. அதற்கு ஒரு நியாயமும் உண்டு: வித்வான்களில் சிலர் தாமே மூங்கில் பொறுக்கி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளையிட்டுக்கொள்பவர்கள். சீடனுக்குக் குழல் குருவின் கையிலிருந்து வந்தது, கடையிலிருந்து அல்ல. சந்தையே இல்லாத இடத்தில் முத்திரைக்கு என்ன வேலை!

அந்தக் குரு வழி இன்று சுருங்கிவிட்டது. மாத்தளையில் இருப்பவரும் டொரொன்டோவில் இருப்பவரும் ஒரே மாதிரி வட்ஸ்அப்பில்தான் குழல் வாங்குகிறார்கள். விற்பவர் ஊதிக்காட்டுகிறார், வாங்குபவர் மறுமுனையில் சுருதிமானிச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ, ப, மேல் ஸ என்று பார்க்கிறார். முள் நடுவில் நின்றால் பணம் போகிறது. இதில் ஒரு குறை இருக்கிறது. தொலைபேசி சுருதியைச் சரியாகக் காட்டும், நாதத்தைக் காட்டாது. கீழ்ஸ்தாயியில் காற்று இரைகிறதா, மேல்ஸ்தாயியில் அழுத்தாமலே பேசுகிறதா, ஒரு கமகத்துக்கு விரலை உருட்டும்போது துளையின் விளிம்பு இணங்குகிறதா என்பதெல்லாம் கையில் எடுத்தால்தான் தெரியும். ஆக, தொலைவிலிருந்து விற்கும் கைவினைஞர் எதற்கு உத்தரவாதம் தரமுடியுமோ அதையே மெருகேற்றுகிறார். சுருதி சுத்தமான, நாதம் சுமாரான குழல்கள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

அயர்லாந்தில் இதற்கு மாற்று இருக்கிறது. கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973இலிருந்து ஆண்டுதோறும் ஜூலையில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி கூடுகிறது. பகலில் வகுப்பு, இரவில் மதுச்சாலைகளில் சேர்ந்திசை. பக்கத்தில் இருப்பவரின் குழலை “ஒரு நிமிடம் தாருங்கள்” என்று வாங்கி ஊதிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒரு கைவினைஞரின் பெயர் இப்படித்தான் வாய்க்கு வாய் பரவுகிறது. நமக்கு எச்சில் தடை. இன்னொருவர் உதடு பட்ட குழலை ஊதுவது நம் வீடுகளில் இலேசான காரியமல்ல. பழைய குழல் விற்பனை தழைக்காததில் இந்த ஆசாரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதையே முழுக்காரணம் என்பது மிகை. வாயில் வைக்கும் சீவாளியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நாகஸ்வரம் தப்பித்தது என்பாரும் உளர்.

வெப்பமும் இந்தக் கணக்கில் சேரும். காற்று சூடானால் ஒலி வேகமெடுக்கும், குழலின் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். ஒரு பாகை செல்சியசுக்கு, ஹார்மோனியத்தின் வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கிடைத் தூரத்தில் (அதை ஒரு படி என்போம்) ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கு. சென்னையில் 32 பாகையில் சுருதி பார்த்து வாங்கிய குழல், 16 பாகை நுவரெலியாக் கோயில் மேடையில் கிட்டத்தட்ட அரைப் படி தாழ்ந்துவிடும். ஊதும் மூச்சின் சூடு கொஞ்சம் ஈடுசெய்யும், முழுதாக அல்ல. மாத்தளையில் பொருந்திய குழல் மலையேறியதும் ஹார்மோனியத்தோடு சண்டைபிடிப்பது வாசிப்பவர் பிழையல்ல. மலையகத்தில் வாசிப்பவர்கள் சற்றே உயர்ந்த சுருதியில் செய்யச் சொல்லி வாங்குவது புத்திசாலித்தனம்.

விலையைப் பொறுத்தவரை 2022 ஒரு திருப்பம். டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த இலங்கை நாணயம் 350ஐத் தாண்டிச் சரிந்தது. இந்திய ரூபாய்க்கு இரண்டரைச் சொச்சம் கொடுத்தவர்கள் நாலரை கொடுக்கவேண்டி வந்தது. சென்னையில் விலை அசையாத குழல்கூட இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிற்று. பத்துக் குழல் வைத்திருக்க வேண்டியவர்கள் நான்கோடு நிறுத்திக்கொள்ள, மிச்சத்தைச் சுருதிப்பெட்டியும் பாடகரின் பெருந்தன்மையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் சென்னை–பலாலி விமானம் மீண்டும் ஓடத் தொடங்கியதும், 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் வந்ததும் போக்குவரத்தை இலகுவாக்கின, நாணயத்தை அல்ல.

இப்போது இரண்டு துண்டாகக் கழற்றி, நடுவில் பித்தளை வளையம் வைத்துப் பொருத்தும் மூங்கில் குழல்கள் வருகின்றன. நீண்ட பான்சுரியை விமானப் பெட்டிக்குள் அடக்கத் தொடங்கிய ஏற்பாடு அது. ஆனால் மூட்டைச் சற்று இழுத்தால் சுருதி இறங்குகிறது, உள்ளே தள்ளினால் ஏறுகிறது என்பதால் மலையேறும் குழல்காரருக்கும் உதவுகிறது. இழுக்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. வாய்த்துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடைத்தூரம் ஒரேயளவாகக் கூடும்போது, அருகிலுள்ள துளையின் சுரம் தொலைவிலுள்ளதைவிட அதிகமாக இறங்கும்; நிஷாதம் ஒரு பக்கம், ரிஷபம் ஒரு பக்கம் என்று ஸ்வர ஒழுங்கு குலையும். கால் படி, மிஞ்சினால் அரைப் படி வரை காது பொறுக்கும். 5 கட்டைக் குழலை நாலரையாக்க அதனால் முடியாது. சற்று உயர்த்திச் செய்து வெப்பத்தில் இழுத்து வைத்த குழலைக் குளிரில் உள்ளே தள்ளி நிமிர்த்தவும், ஹார்மோனியத்தோடு ஒத்துப்போகவும் அது போதும். இந்த எல்லையையும் தாண்டி, பன்னிரண்டு குழல்களை எட்டாகக் குறைக்கும் மூட்டு வந்துவிட்டால், அந்த எட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கவும், அடியில் யார் பெயர் பொறித்திருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவும் ஆட்கள் வரக்கூடும்.